கவர்னர் அனுப்பிய கடிதம் எது?

ஆவணக் காப்பகத்தின் ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலதிகாரி கேட்டார். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது ஆபத்து, ஆரம்பித்தால் நிறுத்தமாட்டோம். பழைய காகிதத்தை எப்படிப் பிரிப்பது, பூச்சியிடமிருந்து எப்படிக் காப்பது, அட்டவணை எப்படிப் போடுவது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவார்கள். விளங்கிய விஷயங்களைச் சொல்ல அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்றை நான் சொல்கிறேன்.

என் பணிக்காலத்தில் பெரும்பகுதி வெள்ளைக்காரர் காலத்துக் கவர்னர்களின் கடிதங்களோடு போனது. மேலிடத்துக்கு எழுதியவை, கலெக்டர்களுக்கு எழுதியவை, முகாமிலிருந்து வீட்டுக்கு எழுதியவை. அதிலும் ஒரு குறிப்பிட்ட கவர்னர் இருந்தார். அவருடைய கையெழுத்து, கோபம், செரிமானக் கோளாறு எல்லாம் எனக்கு அத்துப்படி. "மேடத்துக்கு அவங்க வீட்டுக்காரரைவிட கவர்னரை நல்லாத் தெரியும்" என்று பிரிவில் கேலி செய்வார்கள். என் வீட்டுக்காரரும் அதை மறுத்ததில்லை.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் கண்காணிப்பாளர் ஒருவர் சொன்னார்: "கடிதத்துல என்ன எழுதியிருக்குனு அப்புறம் படிம்மா. அது இந்த ஆபீஸை விட்டுப் போச்சானு முதல்ல பாரு. போனது போயிடுச்சு. நம்ம கிட்ட இருக்கறது மிச்சம்." எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற வயது எனக்கு, இதற்கும் ஆட்டினேன். பிறகுதான் அந்தக் காலத்து எழுத்தர்களின் ஒரு வழக்கம் தெரியவந்தது. இரண்டு தரப்பு மோதுகிற விஷயம் என்றால் அவர்கள் கவர்னர் முன் ஒரு வரைவு வைக்கமாட்டார்கள், இரண்டு வைப்பார்கள். ஒன்று கேட்டதைக் கொடுத்து, இன்னொன்று மறுத்து. இரண்டிலும் கவர்னரே பேசுவதுபோல் காரணங்களோடு முழுசாக எழுதியிருக்கும். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அது அடித்தல் திருத்தல் இல்லாத ஃபேர் காப்பியாகி, கையெழுத்தாகி, போய்விடும். வரைவுகள் இரண்டும் கோப்பில் தங்கிவிடும். எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது தனியாக ஒரு குறிப்புத் தாளில் இருக்கும். பின்னால் வந்த யாரோ, இடம் போதாமல், கடிதங்கள்தான் முக்கியம் என்று அவற்றை வைத்துக்கொண்டு குறிப்புத் தாள்களைக் கழித்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். யாரைத் திட்டுவது?

ஓய்வு பெற்றதும் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டேன். பக்தி ஜாஸ்தி என்று நினைத்துவிடாதீர்கள், சென்னையில் வாடகை ஜாஸ்தி. செங்கம் ரோட்டை ஒட்டிய தெருவில் மாடிப் போர்ஷன். பக்கத்து வீடுகளில் அமைதி தேடி வந்த வெளிநாட்டுக்காரர்கள், எங்கள் ஆட்டோக்களின் ஹாரனையும் பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் வீட்டுச் சொந்தக்காரர்கள். அந்த வீட்டு அம்மா உண்ணாமலை என்னை அக்கா என்பாள். முதல் மாதமே வாடகைக்காரி என்ற நினைப்பு அவளுக்குப் போய்விட்டது. குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்கு வந்துவிடும்.

போன வருடம் மார்கழியில் ஒருநாள் காலையில் அவள் ஒருவரை மாடிக்கு அழைத்துவந்தாள்.

"அக்கா, எங்கண்ணன் வேடியப்பன். கீழ்பென்னாத்தூர் தாண்டி எங்க ஊர்ல வெள்ளாமை பண்ணுது. நீங்க கவர்னர் கடிதாசி படிச்சவங்கனு சொல்லி இட்டாந்தேன்."

வேடியப்பன் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் ஆவணக் காப்பகத்தின் முத்திரை, சான்றிட்ட நகல். அதுவும் என் கவர்னர்.

விஷயம் இதுதான். அவர்கள் ஊரில் ஒரே ஏரி, இரண்டு மதகு. மேல் மதகு மேல் ஊருக்கு, கீழ் மதகு வேடியப்பனின் கீழ் ஊருக்கு. ஊர்ப் பெயர்கள் உங்களுக்கு வேண்டாம். ஏரி நிரம்பினால் ஒரு தகராறும் இல்லை. அந்த வருடம் மழை கார்த்திகையோடு நின்றுபோய், ஏரி பாதிதான் நிரம்பியிருந்தது. தண்ணீர் கம்மியான வருடத்தில் முதல் முறை, அதாவது முதலில் பாய்ச்சிக்கொள்ளும் உரிமை, யாருக்கு என்பது தலைமுறை தலைமுறையாக வரும் சண்டை. அந்தக் காலத்தில் முகாம் வந்த கவர்னர் இதைத் தீர்த்துவைத்தார் என்று இரண்டு ஊரிலும் பேச்சு உண்டு. கீழ் ஊரார் எழுதிப்போட்டு, காப்பகத்திலிருந்து நகல் வாங்கிவிட்டார்கள். முதல் முறை கீழ் ஊருக்கு என்று அதில் தெளிவாக இருந்தது.

"நல்லது. அப்புறம் என்ன கஷ்டம்?" என்றேன்.

அவர் தன் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். "இது மேல் ஊர்க்காரங்க வாங்கினு வந்தது."

அதே கவர்னர். அதே தேதி. அதே கோப்பு எண். அதே முத்திரை. முதல் முறை மேல் ஊருக்கு என்று இருந்தது.

"ரெண்டுல எதும்மா நிஜம்?"

"ரெண்டும் நிஜம்தாங்க."

"அது எப்படிம்மா? ஒரு வாய் ரெண்டு பேச்சு பேசுமா?"

வரைவு வழக்கத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எது போச்சுனு பாத்துச் சொல்லுங்க. நெல்லு பால் பிடிக்கற நேரம்மா. இப்பத் தண்ணி காட்டலன்னா அறுக்கறதுக்குப் பதருதான் இருக்கும். நாலு பேர் வீட்டு நகையை அடகு வெச்சு நட்ட பயிர்" என்றார்.

மறுநாள் சென்னைக்குப் பஸ் ஏறினேன். போகும்போது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என் கவர்னர் என்னிடம் மறைப்பாரா?

நம் வாசிப்பறையில் கோப்பைப் பிரித்தேன். இரண்டு வரைவுகளும் ஒன்றன் பின் ஒன்றாக இருந்தன. இரண்டிலும் கையொப்பம் இல்லை. குறிப்புத் தாள் இல்லை என்பது தெரிந்ததுதான். சரி, கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில் தேடலாம் என்றால், இந்தத் தாலுகா அந்தக் காலத்தில் ஒரு மாவட்டத்தில் இருந்து, பிறகு இன்னொரு மாவட்டத்துக்குக் கைமாறியது. பழைய மாவட்டத்தில் கேட்டால் கட்டுகளைப் புதியதற்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். புதியதில் கேட்டால் வரவே இல்லை என்கிறார்கள். கட்டு நடுவழியில் எங்கே இறங்கிப் போனதோ தெரியாது.

மேல் ஊருக்குச் சாதகமான வரைவில் ஒரு சொல் அடிக்கப்பட்டு வேறு சொல் எழுதியிருந்தது. அது கவர்னரின் கையெழுத்துபோல் தெரிந்தது. அனுப்பப்போகிற கடிதத்தைத்தானே ஒருவர் திருத்துவார்? அப்படியானால் மேல் ஊர். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், பிடிக்காத கடிதத்தையும் கோபத்தில் அடிப்பார்களே என்று தோன்றியது. இந்த மனிதர் கோபக்காரர் வேறு. அவருடைய மற்ற முகாம் கடிதங்களைப் பார்த்தேன். வேறு இடங்களில் தண்ணீர் தகராறு வந்தபோதெல்லாம் கடைமடைக்காரர் பக்கம் நின்றிருக்கிறார். அப்படியானால் கீழ் ஊர். ஆனால் எப்போதும் ஒரே மாதிரி செய்கிற மனிதருக்கு எழுத்தர்கள் எதற்கு இரண்டு வரைவு வைக்கிறார்கள்?

கடைசியாக, அதே வாரம் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. இதில் இருக்கும் என்று பிரித்தேன். வெயில், கொசு, குதிரைக்குக் கால் வீக்கம், சமையல்காரன் செய்த கோளாறு எல்லாம் விலாவாரியாக இருந்தன. நடுவில் ஒரே ஒரு வரி: இங்கே ஒரு தண்ணீர்ச் சண்டையைத் தீர்த்துவைத்தேன், நியாயமாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன் என்கிற பொருளில். யாருக்கு என்று எழுதவில்லை. குதிரையின் எந்தக் கால் என்றுகூட எழுதிய மனிதர், இதை எழுதவில்லை. வாசிப்பறை என்பதால் வாய்விட்டுத் திட்ட முடியவில்லை.

திரும்பி வந்தபோது போனதைவிடக் குழம்பியிருந்தேன். உண்ணாமலை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "பாத்துட்டீங்களாக்கா?" என்றாள். "பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை" என்றேன். அன்றைக்கும் குழம்பு வந்தது. ஆனால் கிண்ணத்தைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டார். பௌர்ணமிக்கு ஆபீஸில் பாதிப் பேர் கிரிவலப் பாதை டியூட்டிக்குப் போய்விடுவார்கள் என்பதால் அது தள்ளிப்போய், அதற்குள் வயல் இன்னும் வெடித்துப்போனது. கூட்டத்தன்று காலையில் தாசில்தார் என்னைத் தனியாக அழைத்து உட்காரவைத்தார். இளவயதுக்காரர், கெட்டவர் இல்லை, தூக்கம் போதாத முகம்.

"மேடம், நீங்க இந்த சப்ஜெக்ட்ல அத்தாரிட்டி. ரெண்டுல ஒண்ணச் சொல்லிடுங்க. அப்படியே மினிட்ஸ்ல ஏத்திடறேன். யாரும் உங்கள எதிர்த்துப் பேசமாட்டாங்க."

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உண்மையிலேயே யாரும் எதிர்த்துப் பேச முடியாது. நான் எதைச் சொன்னாலும் இனி அதுதான் கவர்னர் சொன்னது. நான் கீழ் ஊர் என்றால் வேடியப்பன் பயிர் பிழைத்துவிடும். என் மனசும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. சாய்ந்தது ஆதாரத்தாலா, குழம்புக் கிண்ணத்தாலா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேல் ஊரிலும் நெல் பால் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, அங்கேயும் அடகு வைத்த நகை இருக்கும். ஆனால் அந்த வீட்டு முகங்கள் எனக்குத் தெரியாது.

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்: "ரெண்டு பேப்பரும் நிஜம். ரெண்டும் வரைவு. எது போச்சுனு எனக்குத் தெரியாது. தேடிப் பாத்துட்டேன். கண்டுபிடிக்க முடியல."

ஒரே கூச்சல். மேல் ஊர்த் தரப்பில் பேச வந்தவர் சாமிக்கண்ணு, ரிடையரான விளையாட்டு வாத்தியார். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. "இன்னாம்மா இது, அவ்ளோ படிச்சுட்டு தெரியாதுன்றீங்க?" என்றார். தாசில்தார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது வேடியப்பன் எழுந்தார். கூச்சல் போடவில்லை. "சரிம்மா. தெரியாதுன்னிட்டீங்க. ஒத்துக்கறேன். உங்களுக்கு இன்னா தோணுது? அதயாச்சும் சொல்லுங்க."

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். ஆய்வாளரோ பத்திரிகைக்காரரோ வக்கீலோ கேட்பார். தோன்றுவதைச் சொல்வது நம் வேலை இல்லை என்று தப்பிக்கலாம். எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. வாழ்நாள் பூராவும் அந்த மனிதரின் கடிதங்களைப் படித்துவிட்டு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் அதுவும் பொய்தானே? சொன்னேன்.

"கீழ் ஊருக்குத்தான் குடுத்திருப்பாருனு எனக்குத் தோணுது. ஆனா நான் குடியிருக்கறது வேடியப்பன் தங்கச்சி வீட்ல. தினமும் அவ கையால சாப்பிடறேன். அதனால எனக்குத் தோணுறத நீங்க நம்பவேண்டாம். நானே நம்பல."

சாமிக்கண்ணு சிரித்துவிட்டார். கோபத்தில் இருந்தவர்கள்கூடக் கொஞ்சம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் யாரோ பின்னாலிருந்து, "பூ போட்டுப் பாத்துடலாம்பா" என்றார்கள். ஏரிக்கரையில் இரண்டு ஊருக்கும் பொதுவான கன்னிமார் கோயில் இருக்கிறது. கல்யாணம், கிணறு வெட்டுவது, எதிலாவது முடிவெடுக்க முடியவில்லை என்றால் அங்கே வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வருவது சாமி வாக்கு. தாசில்தார் காதில் விழாததுபோல் ஜன்னலைப் பார்த்தார். கிளம்பும்போது மட்டும், "இரு தரப்பும் ஒருமனதா முடிவுக்கு வந்துட்டதா எழுதிக்கறேன்" என்றார்.

ஏரிக்கரைக்குப் போனோம். வெள்ளை மேல் ஊருக்கு, சிவப்பு கீழ் ஊருக்கு. யார் எடுப்பது என்று மறுபடியும் சண்டை வரும்போல் இருந்தது. சாமிக்கண்ணு என்னைக் கை காட்டினார். "இந்தம்மா எடுக்கட்டும். உள்ளத உள்ளபடி சொன்னாங்க. அது போதும்." வேடியப்பனும் சரி என்றார்.

நான் அந்த இரண்டு இலைப் பொட்டலங்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கவர்னர் முன்னாலும் இப்படித்தான் இரண்டை வைத்திருப்பார்கள். அவர் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார், நான் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கப்போகிறேன். ஆவணத்தை நம்பியே பிழைத்தவள் கடைசியில் பொட்டலம் எடுக்க வந்து நிற்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் அங்கே இருந்த யாருக்கும் வெட்கம் இல்லை, எல்லோரும் கை கூப்பி நின்றார்கள். எடுத்தேன். பிரித்தால் வெள்ளை அரளி.

மேல் மதகைத் திறந்தார்கள். கீழ் ஊரார் கும்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். வேடியப்பன் என்னைப் பஸ் ஸ்டாப்பில் விட பைக்கில் வந்தார். இறங்கும்போது சொன்னார்: "சாமி அப்படிக் குடுத்துச்சு, அதுக்கு வருத்தம் இல்லம்மா. உங்களுக்குத் தோணினத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். நியாயம் நம்ம பக்கம்னு காதால கேட்டுட்டு, அப்புறம் தோத்துட்டு வீட்டுக்குப் போறது இருக்கே, அது ஆறாதும்மா."

கேட்டதே நீங்கள்தானே என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். கீழ் ஊருக்கு முறை வந்தபோது தாமதமாகிவிட்டது. அவர் நிலத்தில் பாதிக்கு மேல் பதர். உண்ணாமலை என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன்.

அன்றைய கூட்டத்தை வேடியப்பன் தன் போனில் வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். இந்த வருடம் மறுபடி மழை ஏமாற்ற ஆரம்பித்ததும், கீழ் ஊர் இளவட்டங்கள் யாரோ அதை வெட்டிச் சின்னதாக்கிவிட்டார்கள். நான் எழுந்து நிற்கிறேன், கீழ் ஊருக்குத்தான் குடுத்திருப்பாருனு எனக்குத் தோணுது என்கிறேன், முடிந்தது. "தோணுது" என்பதுகூடப் பாதிதான் கேட்கிறது. ஆவண நிபுணரே சொல்லிவிட்டார் என்று தலைப்பு வேறு. என் ரிடையரான தோழி ஒருத்தி வேலூரிலிருந்து கூப்பிட்டு, "நீ எப்ப தீர்ப்பு சொல்ல ஆரம்பிச்ச?" என்று கேட்டாள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு டிராக்டரை மறித்துக் கைகலப்புவரை போய்விட்டது.

ஏரிக்கரையில் கூட்டம் கூடியதாகவும், அங்கே வேடியப்பன் எழுந்து நின்று, தன் போனை மைக்கில் வைத்து முழுப் பதிவையும் போட்டதாகவும் உண்ணாமலைதான் வந்து சொன்னாள். நான் தெரியாது என்று சொன்னது, அவள் வீட்டில் சாப்பிடுகிறேன் என்று சொன்னது, நானே நம்பவில்லை என்று சொன்னது, சிரிப்பு, எல்லாம். மேல் ஊரார் அமைதியாகக் கலைந்து போனார்களாம். கீழ் ஊரில் இப்போது அவரோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை. சொந்த மகனே முகம் கொடுப்பதில்லை. சொல்லும்போது உண்ணாமலைக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணனுக்கு இன்னாத்துக்குக்கா இந்த வேலை? அதுக்குத்தான் ஜாஸ்தி நஷ்டமே" என்றாள்.

போன வாரம் அவரே வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதுல பாதிய எடுத்துகினு நான் தண்ணி பாய்ச்சுனா, அது நீங்க சொல்லிக் கெடச்ச தண்ணியும் இல்ல, என் தண்ணியும் இல்லம்மா" என்றார். பிறகு போனை மேசைமேல் வைத்தார். கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். "இத உங்க ஆபீஸ்ல வெக்க முடியுமா? முழுசா? குரூப்ல பழசு அழிஞ்சிடுச்சு. இந்த போனும் போச்சுன்னா, வெட்டினதுதான் மிஞ்சும்."

காப்பகம் அரசுக் கோப்புகளைத்தான் வாங்கும். தனி ஆள் செல்போனில் எடுத்த பதிவை யார் பெயரில், எந்த எண்ணில், எந்த அலமாரியில் சேர்ப்பது? அப்படிச் சேர்த்தால், ஊரில் ஒவ்வொருவரும் போனைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? இதெல்லாம் சரியான கேள்விகள்தான். ஆனால் எந்த எழுத்தரும் எந்தக் கவர்னரும் செய்யாத ஒன்றை அந்த மனிதர் செய்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். "கேட்டுச் சொல்றேங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் வெளியே வந்துவிட்டேன், நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். அந்தப் பதிவைக் காப்பகத்தில் சேர்க்க ஏதாவது வழி இருக்கிறதா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். அவர் போன் அவ்வப்போது தானாக அணைந்து போகிறது என்று உண்ணாமலை சொல்கிறாள்.